ஜூராவுல அஞ்சு நாள்: மஞ்ச ஒயினும் வெந்தய வாசனையும்

முதல் நாள், வெள்ளி

மூணு வருஷமா தள்ளிப் போட்டுட்டே இருந்த பயணம், கடைசில இந்த 2024 அக்டோபர்லதான் அமைஞ்சுது. பொண்ணை மாமியார்கிட்ட விட்டுட்டு காலைல பாரிஸ்ல கார் த லியோன் ஸ்டேஷன்ல டிஜிவிங்கிற அதிவேக ரயில் ஏறினோம், திஜோன் தாண்டி தோல்ங்கிற ஊர்ல இறங்கி அங்க ஒரு கார் வாடகைக்கு எடுத்தாச்சு. ஓட்டுறது எங்க வீட்டுக்காரர். அவர் ஒரு சொட்டு கூட குடிக்க மாட்டார், ஆனா சாப்பாட்டுல அவருக்கு இருக்குற மூக்கும் நாக்கும் எனக்குக் கிடையாது, வீட்டுல சமையலும் பாதி அவர்தான்.

ஏன் ஜூரா? ஒயின்னாலே எல்லாரும் போர்தோ, பர்கண்டின்னு போறாங்க. ஜூரா, பிரான்ஸ்ல பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவுல மலையடிவாரத்துல வடக்கு தெற்கா ஒரு எண்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுற ஒல்லியான பட்டை, மொத்தமே ரெண்டாயிரம் ஹெக்டேர் பக்கம்தான் திராட்சை. 19ஆம் நூற்றாண்டுல இது மாதிரி பத்து மடங்கு இருந்துச்சாம். அப்புறம் அமெரிக்காவுல இருந்து வந்த ஃபிலாக்சரா பூச்சி வேரைத் தின்னு ஐரோப்பா முழுக்க தோட்டங்களை அழிச்சுது, அதுக்கு மருந்தா கிடைச்சதும் அமெரிக்கத் திராட்சை வேர்தான், அந்த வேர்ல இங்கத்த கிளையை ஒட்டுப் போட்டுத்தான் மறுபடி எழுந்தாங்க. ஆனா ஜூரா பழைய அளவுக்குத் திரும்பவே இல்ல. மிஞ்சினது சின்னச் சின்னக் குடும்பங்கள்கிட்ட, அதனாலயோ என்னவோ பழைய முறையும் அவங்ககிட்டயே தங்கிருச்சு. ஆபீஸ்ல ஒருத்தர் ஒரு தடவை ஒரு கிளாஸ் ஜூரா மஞ்ச ஒயின் ஊத்திக் குடுத்தார், முதல் வாயில கெட்டுப் போச்சோன்னு நினைச்சேன், அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அந்த ருசி நாக்கை விட்டுப் போகல. அதைத் தேடித்தான் வந்திருக்கேன்.

தோல் ஊர்ல ஒரே ஒரு வேலை, லூயி பாஸ்டர் பொறந்த வீடு. 1822 டிசம்பர் 27 அவர் இங்க பொறந்தார். அப்பா தோல் பதனிடுறவர். தமிழ்ல படிச்சா ஊர் பேரும் தொழிலும் ஒண்ணாவே வருதுன்னு வீட்டுக்காரர்கிட்ட காட்டிட்டே நடந்தேன். கால்வாய் ஓரமா வீடு, கீழ தோல் ஊறப்போட்ட தொட்டிங்க இன்னும் இருக்கு. எனக்குச் சொந்த ஊர் குன்னூர். எங்க ஊர்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907ல ஆரம்பிச்சது, நாய் கடிச்சா ஊசின்னா எங்களுக்கு அந்த கேட்டுதான் ஞாபகம் வரும். சின்ன வயசுல அது ஒரு மனுஷனோட பேருன்னே எனக்குத் தெரியாது. அந்த மனுஷனோட தொட்டில் ஊர்ல நின்னப்போ கொஞ்ச நேரம் பேச்சே வரல.

ராத்திரி ஆர்புவா வந்து சேர்ந்தாச்சு. ரெண்டு ரூம், ஒரு சமையல் மேடை, ஜன்னலைத் திறந்தா குய்சான்ஸ் ஆத்துச் சத்தம்.

இரண்டாம் நாள், சனி

ஆர்புவா சின்ன ஊர். சர்ச் கோபுரம் ஒண்ணு எங்க நின்னாலும் தெரியுது. 1936ல பிரான்ஸ்ல இந்த மண்ணுல விளைஞ்சதுக்குத்தான் இந்தப் பேருன்னு சட்டப்படி ஒயினுக்கு அடையாளம் குடுக்க ஆரம்பிச்சப்போ முதல் வரிசையில அதை வாங்கின ஊர்கள்ல இது ஒண்ணு.

பாஸ்டர் வளர்ந்தது இங்கதான். பெரிய ஆளா ஆன பிறகும் லீவுக்கு இங்கயேதான் வருவார். ஒயின் ஏன் கெட்டுப் போகுதுன்னு அவர் ஆராய்ஞ்சு எழுதின புத்தகம் 1866ல வந்துச்சு. நான் பார்க்கணும்னு நினைச்சது அவரோட தோட்டத்தை. ஆர்புவாவுக்கு வெளியில ரோசியேர்னு ஒரு இடம், 1874ல வாங்கினார். 1878ல அங்க அவர் பண்ணின வேலையைக் கேளுங்க. திராட்சைச் சாறு புளிக்கிறதுக்கு ஈஸ்ட் வெளியில இருந்து வருதா இல்ல பழத்துக்குள்ளயே தானா உண்டாகுதான்னு அப்போ ஒரு பெரிய சண்டை. இவர் பழம் காயா இருக்கும்போதே கொடி மேல கண்ணாடி வீடு கட்டி, குலையை எல்லாம் பஞ்சால சுத்தி வெச்சார். மத்த கொடியில பழுத்த பழம் நசுக்கினா புளிச்சுது, பஞ்சு சுத்தின குலை புளிக்கல. ஈஸ்ட் வெளியில இருந்துதான் வருதுன்னு அதோட முடிவாச்சு. கொடிங்க இன்னைக்கும் வரிசையா நிக்குது, சின்ன இடம், எங்களைத் தவிர ஒரு ஆள் இல்ல. மாவு அரைச்சு கையால கலக்கி வெச்சா காலைல பொங்குதே, அந்தக் கணக்கும் இதுக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு வீட்டுக்காரர் சொன்னார்.

மத்தியானம் மேல ஏறி புப்பிலான் போனோம். ப்ளூசார்ங்கிற திராட்சைக்கு இதுதான் உலகத் தலைநகரம்னு ஊர் எல்லையிலயே போர்டு வெச்சிருக்காங்க. தோல் ரொம்ப மெல்லிசு அதுக்கு, அதனால சிவப்பு ஒயின்னு சொன்னாலும் கிளாஸ்ல பார்த்தா மாதுளைச் சாறுல தண்ணி கலந்த மாதிரி வெளுப்பா இருக்கும், பார்த்து ஏமாறாதீங்க, வாசனைல காட்டுப் பழமும் ஈர மண்ணும் வரும், கொஞ்சம் சில்லுனு குடிக்கணும். இந்த ஊர்லதான் பியேர் ஓவர்னுவாங்கிறவர், கெடாம இருக்கப் போடுற சல்ஃபரைச் சேர்க்காம ஒயின் போட்டு இயற்கை ஒயின்காரங்க எல்லாருக்கும் குரு மாதிரி ஆனார், 2001ல தோட்டத்தை இமானுவேல் உய்யோன்கிட்ட ஒப்படைச்சார். அவங்க பாட்டிலைத் தேடி உலகம் பூரா ஆள் அலையுது, கையை விட்டுக் கை மாறும்போது விலை எங்கயோ போயிடுது. என் கருத்து, அதைத் துரத்த வேண்டாம். அதே ஊர்ல அடுத்த தெருவுல, அதே மண்ணுல, அதே ப்ளூசாரை நாலஞ்சு ஹெக்டேர் வெச்சிருக்குற குடும்பங்க போடுறாங்க, கதவைத் தட்டினா ஊத்திக் குடுக்குறாங்க. பேர் சொல்லாத ஒரு சின்ன வீட்டுல நான் குடிச்ச 2022 ப்ளூசார் இருபது யூரோவுக்குள்ள, அதைவிட சந்தோஷமான சிவப்பு ஒயின் இந்த வருஷம் நான் குடிக்கல.

ஒரு விஷயம் கவனிச்சேன், இங்க ருசி பார்க்கக் குடுக்கும்போது சிவப்பை முதல்ல ஊத்துறாங்க, வெள்ளை அப்புறம். மத்த ஊர்ல தலைகீழ். இங்க சிவப்பு மெல்லிசு, வெள்ளைதான் அடிச்சு நிக்கும், அதுக்கப்புறம் சிவப்பு வாயில ஏறாது. ஜூரா ஒயின் வீட்டுல நாலு பேருக்குத் திறந்தா இந்த வரிசையை மறந்துடாதீங்க.

மூணாம் நாள், ஞாயிறு

இன்னைக்கு நாளைத்தான் நான் முழுசா எழுதணும்.

ஷாட்டோ ஷலோன். மலை விளிம்புல ஒட்டி வெச்ச மாதிரி ஒரு கிராமம், கீழ செங்குத்தா இறங்குற சரிவு முழுக்க திராட்சை. ஒரு காலத்துல இங்க பெரிய கன்னியர் மடம் இருந்துச்சு. இங்க விளையுற சவாஞ்யான்ங்கிற வெள்ளைத் திராட்சைல போடுற மஞ்ச ஒயினுக்கு மட்டும்தான் ஷாட்டோ ஷலோன்னு பேர் போடலாம், வேற எந்த ஒயினுக்கும் கிடையாது. வருஷம் சரியில்லன்னா அவங்களே கூடிப் பேசி இந்த வருஷம் பேர் வேண்டாம்னு விட்டுடுவாங்க. 1974, 1980, 1984, 2001, இந்த நாலு வருஷத்துக்கு ஷாட்டோ ஷலோனே கிடையாது. காசு வர்ற வழியைத் தானே அடைக்கிறதுக்கு எவ்வளவு மனசு வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

முன்னாடியே போன் பண்ணிச் சொல்லியிருந்ததால ஒரு அம்மா எங்களை அவங்க செல்லாருக்கு, அதாவது ஒயின் கிடங்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அறுபது வயசு இருக்கும், கையெல்லாம் திராட்சைக் கறை. சவாஞ்யானைக் கடைசியா பறிக்கிறாங்க, நல்லா பழுக்கணும். சாறு புளிச்சு ஒயின் ஆனதும் 228 லிட்டர் பழைய பீப்பாய்ல ஊத்துறாங்க. சாதாரணமா மத்த ஊர்ல பீப்பாய்ல ஒயின் ஆவியாகி குறைய குறைய மேல ஊத்தி ரொப்பிட்டே இருப்பாங்க, காத்து படக்கூடாதுன்னு. இங்க ரொப்ப மாட்டாங்க. அந்தக் காலி இடத்துல ஒயின் மேல ஈஸ்ட் தானா ஒரு ஏடு கட்டும், நம்ம பாலாடை மாதிரியே, ஆனா சாம்பல் நிறத்துல சுருக்கம் சுருக்கமா. இவங்க அதைத் திரைன்னு சொல்றாங்க. அந்த ஏடுதான் காவல், காத்தை அளவா உள்ள விடுது, ஒயினை வினிகர் ஆக விடாது. அறுவடை முடிஞ்சு ஆறாவது வருஷம் டிசம்பர் 15 வரைக்கும் பீப்பாயை விட்டு எடுக்கக் கூடாதுன்னு சட்டம், அதுல அஞ்சு வருஷமாவது அந்த ஏட்டுக்கடியிலயே இருக்கணும். அதனால 2024ல வித்தது 2017 பழம்.

செல்லார்னா நான் குளுகுளுன்னு பாதாளத்துல இருக்கும்னு நினைச்சேன். இது காத்தோட்டமா இருக்கு, வெயில் காலத்துல சூடு ஏறும், பனி காலத்துல நல்லா குளிரும். அந்த ஏத்த இறக்கம் வேணுமாம், ஏடு வேலை செய்யுறதுக்கும் தூங்குறதுக்கும். எல்லா பீப்பாயும் தேறாது. சிலதுல ஏடு உடைஞ்சு வினிகர் பக்கம் சாயும், அதனால மாதிரி எடுத்து லேப்ல சோதிச்சுட்டே இருப்பாங்க, தேறாதுன்னா நடுவுலயே எடுத்து வேற ஒயினுக்குப் போயிடும். அஞ்சு வருஷம் காத்திருந்து ஆறாவது வருஷம் ஒரு பீப்பாய் கை விட்டுப் போச்சுன்னா எப்படி இருக்கும்னு கேட்டேன். அந்த அம்மா பீப்பாய் மேல கையை வெச்சுட்டு, அது அதோட இஷ்டம்னு மட்டும் சொன்னாங்க.

பாட்டிலும் தனி, கட்டை குட்டையா தோள் விரிஞ்சது, பேர் கிளாவ்லான், அளவு 62 சென்டிலிட்டர். ஒரு லிட்டர் சாறு ஊத்தினா ஆறு வருஷம் கழிச்சு மிஞ்சுறது அவ்வளவுதான்னு கணக்கு சொல்றாங்க.

கிளாஸ்ல ஊத்தினாங்க. தங்க நிறம். நான் ஒரு வாய் வெச்சேன், வாதுமைக் கொட்டை, பச்சை ஆப்பிள், உப்பு, அப்புறம் ஏதோ ஒண்ணு, தெரிஞ்ச வாசனை, பேர் வாயில வரல. கிளாஸை வீட்டுக்காரர்கிட்ட நீட்டி, ஏங்க இதை மோந்து மட்டும் பாருங்கன்னேன். அவர் ஒரே இழுப்புல, இது வெந்தயம்டி, எண்ணெய் இல்லாம வெறும் சட்டில வறுத்துப் பொடிக்கிறோம்ல அந்த வெந்தயம்னார். எனக்கு சிலிர்த்துப் போச்சு. அந்த அம்மாவுக்கு நான் பிரெஞ்ச்ல சொன்னதும் அவங்க முகம் மலர்ந்துருச்சு. எல்லாரும் வந்து கறி மசாலா கறி மசாலான்னு சொல்லிட்டுப் போவாங்க, உங்க வீட்டுக்காரர்தான் சரியா பேரைச் சொன்னார்னாங்க. மஞ்ச ஒயின்ல அந்த வாசனை குடுக்குற பொருளுக்கு சோட்டோலோன்னு பேர், வெந்தயத்துல இருக்குறதும் அதே சோட்டோலோன்தான். ஆறு வருஷம் ஏட்டுக்கடியில கிடந்து இந்த ஊர் திராட்சை சேர்த்து வைக்கிறதும் நம்ம அஞ்சறைப் பெட்டில இருக்குறதும் ஒரே பொருள்.

பாட்டிலுக்கு அறுபது யூரோ சொன்னாங்க. ஆறு வருஷ உழைப்பு, நாப்பது சதவீதம் பக்கம் காத்துல போனது, இந்த விலை அதிகமில்லன்னுதான் நான் சொல்லுவேன். இந்த ஊர்ல மாக்ல், பெர்த்தே போந்தே ரெண்டு குடும்பத்து ஒயினும் பேர்போனது, வெளிநாட்டுல கடைல பார்த்தா யோசிக்காம வாங்கலாம்.

நாலாம் நாள், திங்கள்

காலைல லெத்துவால்ங்கிற கிராமம். பிரெஞ்ச்ல நட்சத்திரம்னு அர்த்தம். அங்க மண்ணுல பழைய கடல் உயிரோட புதைபடிவம் கிடைக்கும், அஞ்சு முனை நட்சத்திரம் மாதிரி, சுண்டு விரல் நகத்தை விடச் சின்னது. இந்த மலையோட பேரை வெச்சுத்தான் ஜுராசிக் காலம்னே பேர் வந்துச்சு. தோட்டத்து ஓரம் குனிஞ்சு பத்து நிமிஷம் தேடினதுல ஒண்ணு கிடைச்சுது. பொண்ணுக்குக் காட்ட போட்டோ எடுத்துட்டு அங்கயே வெச்சுட்டு வந்தேன்.

இங்கதான் வைக்கோல் ஒயின் ருசி பார்த்தேன். நல்ல குலையா பொறுக்கி வைக்கோல் மேலயோ பெட்டியிலயோ பரப்பி, இல்ல கயித்துல கட்டித் தொங்க விட்டு, குறைஞ்சது ஆறு வாரம் உலர விடுவாங்க, அப்புறம்தான் பிழியுறது. நூறு கிலோ பழத்துக்கு இருபது லிட்டர் சாறு கூட தேறாது. பேரீச்சம்பழம், ஆரஞ்சுத் தோல், தேன், எல்லாம் வருது, ஆனா திகட்டல, புளிப்பு பின்னாடி நின்னு தாங்குது. அரை பாட்டில் அளவுலதான் விக்கிறாங்க. மாக்வான்னு இன்னொண்ணு, புளிக்காத சாறுல திராட்சைச் சக்கைல இருந்து வடிச்ச சாராயத்தைக் கலக்கிறது, எனக்கு அது அவ்வளவா ஒட்டல.

அப்புறம் பொலினி, கோம்த்தே சீஸோட ஊர். ஒரு சீஸ் வட்டு நாப்பது கிலோ, அதுக்கு நானூறு லிட்டர் பால், ஒரு ஆள் மாட்டுல அவ்வளவு பால் வராது, அதனால பல நூறு வருஷமா கிராமத்துக்காரங்க பாலை ஒண்ணாச் சேர்த்து ஒரே இடத்துல சீஸ் போடுறாங்க. அந்த இடத்துக்கு ஃப்ருய்த்தியேர்னு பேர். இந்த வார்த்தையை மனசுல வெச்சுக்கோங்க, நாளைக்கு வேணும். வீட்டுக்காரர் பதினெட்டு மாசம், இருபத்தி நாலு மாசம், முப்பது மாசம்னு மூணும் வாங்கினார்.

ராத்திரி சோதனை. பாரிஸ்ல லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவுல வாங்கின மசாலா சாமான் டப்பா எப்பவும் எங்க பெட்டில இருக்கும். நேத்து வாங்கின ரெண்டுல ஒரு பாட்டிலை மத்தியானமே திறந்து வெச்சுட்டேன், இது மூச்சு விட நேரம் வேணும், ஃப்ரிட்ஜுல வைக்காதீங்க, பதினாலு பதினஞ்சு டிகிரி போதும். அவர் முதல்ல வெந்தயக் குழம்பு வெச்சார், அதே வாசனைதானே சேரும்னு. சேரல. புளியும் ஒயின் புளிப்பும் ஒண்ணோட ஒண்ணு முட்டி ரெண்டுமே கசந்துச்சு. அப்புறம் புளி இல்லாம, தேங்காப்பால்ல கோழி, வறுத்த வெந்தயம் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை, காரம் கம்மி. அது வேற விஷயமா போச்சு, கொழுப்பை ஒயின் அறுத்துச்சு, ஒயினோட உப்பைத் தேங்காப்பால் ஏந்திக்கிச்சு. இந்த ஊர்க்காரங்க கோழியை க்ரீம்லயும் மஞ்ச ஒயின்லயும் மலைக் காளான் போட்டு சமைக்கிறதும் இதே கணக்குதான்.

அஞ்சாம் நாள், செவ்வாய்

கிளம்புற நாள். ஆர்புவாவுல கூட்டுறவு ஒயின் கடைக்குப் போனோம், பேர் ஃப்ருய்த்தியேர் வினிக்கோல், 1906ல ஆரம்பிச்சது. பால்காரங்க வார்த்தை, பால்காரங்க முறை. சின்னத் தயாரிப்பாளர்னு தேடுறவங்க கூட்டுறவுன்னதும் முகத்தைத் திருப்பிக்குறாங்க, அது தப்புன்னு எனக்குத் தோணுது. தனியா செல்லாரும் பீப்பாயும் வாங்க முடியாத, ஒரு ஹெக்டேர் ரெண்டு ஹெக்டேர் வெச்சிருக்குறவங்க பழம்தான் இங்க சேருது. அவங்க இல்லன்னா அந்தச் சரிவெல்லாம் புதர் மண்டிப் போயிருக்கும். மஞ்ச ஒயின் இங்க தனி வீடுகளை விட விலை கம்மி, முதல் தடவை ருசி பார்க்குறவங்க இதுல ஆரம்பிங்க.

ஒரேயடியா மஞ்ச ஒயின்ல குதிக்க பயமா இருந்தா, படி படியா போங்க. முதல்ல ப்ளூசார், அப்புறம் பீப்பாயை ரொப்பி வெச்ச சவாஞ்யான், அது எலுமிச்சை மாதிரி சுத்தமா இருக்கும், லேபிள்ல உய்யேன்னு போட்டிருக்கும். அப்புறம் ரெண்டு மூணு வருஷம் ஏட்டுக்கடியில கிடந்த சவாஞ்யான், அதுல வெந்தயம் லேசா எட்டிப் பார்க்கும். அதுக்கு மேலதான் கிளாவ்லான்.

2024 ஏப்ரல்ல இங்க கடும் பனி. மொட்டு விட்ட நேரத்துல ஒரு ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ போய் கருகிருச்சு, 2021லயும் இப்படித்தான். போன கதவுல எல்லாம் இதைத்தான் சொன்னாங்க. இந்த 2024 மஞ்ச ஒயின் 2031லதான் வெளிய வரும், எத்தனை பாட்டில் இருக்கும்னு இப்பவே மனசு கனக்குது. நாங்க வாங்கின 2017லயும் ஏப்ரல்ல பனிதான்.

எங்க பொண்ணு பொறந்தது 2017. அதுக்காகத்தான் ஷாட்டோ ஷலோன்ல இன்னொரு பாட்டில் வாங்கினேன். ஐம்பது வருஷம் சும்மா தாங்கும்னு அந்த அம்மா சொன்னாங்க. 2018ல லோன் லெ சோனியேர்ங்கிற ஜூரா ஊர்ல 1774ஆம் வருஷத்து மஞ்ச ஒயின் ஒண்ணு ஏலத்துக்கு வந்து ஒரு லட்சம் யூரோவைத் தாண்டிப் போச்சு, அந்த வயசுக்கு முன்னாடி ஐம்பது வருஷம் பெருசே இல்ல. என் ஸ்வெட்டர்ல சுத்தி மடில வெச்சுட்டே ரயில்ல வந்தேன். திறந்த பாட்டில்ல பாதி மிச்சம் இருந்துச்சு, கார்க்கை அழுத்தி மூடி வீட்டுக்காரர் அவர் பைல வெச்சுக்கிட்டார்.

பன்னிரண்டு நாள் கழிச்சு

அந்த மிச்சம் பாதி பாட்டிலைச் சமையல் ரூம் மூலைல வெச்சிருந்தேன். வேற ஒயினா இருந்தா மூணாம் நாளே தொட்டியில ஊத்தியிருப்பேன். இது ஆறு வருஷம் காத்தோடயே வாழ்ந்தது, காத்து இதை ஒண்ணும் பண்ணல, வாசனை முன்னைவிட விரிஞ்சிருக்கு. கடைசி கிளாஸை நேத்து ராத்திரி முப்பது மாச கோம்த்தேவோட குடிச்சேன். பொண்ணு ஓடி வந்து கிளாஸை மோந்து பார்த்துட்டு, அப்பா சமையல் வாசனை வருதும்மான்னா.